போலீஸ் கிளியரன்ஸ்: ஆதார்ல ‘ஏ மலர்விழி’, பாஸ்போர்ட்ல ‘மலர்விழி ஆறுமுகம்’. ரெண்டும் நான்தான்னு எப்படிக் காட்டுறது?

ஈஜிபுரா மலர்
திங்கள், இரவு 11:52

எல்லாருக்கும் வணக்கம். மூணு வருஷமா இங்க வாசிக்கிறேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

சொந்த ஊர் தென்காசி பக்கம். பெங்களூருக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஸ்டாஃப் நர்ஸ், இப்ப ஐசியூ டூட்டி. இங்கிலாந்துல ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. சுகாதார வேலைக்கு விசா கேக்குறவங்க, 18 வயசுக்கு அப்புறம் கடந்த 10 வருஷத்துல 12 மாசமோ அதுக்கு மேலயோ எந்த நாட்டுல இருந்தாங்களோ அந்த நாட்டு போலீஸ் சான்று குடுக்கணும். நான் இந்தியாவை விட்டு வெளிய போனதே இல்ல. அதனால ஒரே ஒரு பிசிசி (போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்) போதும், சீக்கிரம் முடிஞ்சிடும்னு நெனச்சேன்.

ஆன்லைன்ல 500 ரூபா கட்டி அப்பாயின்ட்மென்ட் எடுத்து, நைட் டூட்டி முடிச்சு நேரா பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போனேன். ஏ கவுண்டர்ல போட்டோ, கைரேகை எடுத்து பேப்பரை ஸ்கேன் பண்ணாங்க. பி கவுண்டர்லதான் நின்னுடுச்சு.

முதல்ல முகவரி. பாஸ்போர்ட்ல ஊர் முகவரி இருக்கு. இப்ப இருக்கிறது ஈஜிபுராவுல ரெண்டாவது மாடி, ஒத்த ரூம். கையில இருந்தது 11 மாச வாடகை அக்ரிமென்ட், ஸ்டாம்ப் பேப்பர்ல ஓனரும் நானும் கையெழுத்து போட்டது. ரிஜிஸ்டர் ஆகலைன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. கரண்ட் பில் ஓனர் பேர்ல. கேஸ் ரூம்மேட் பேர்ல. என் செல் நம்பர் ப்ரீபெய்டு.

அடுத்தது பேரு. அப்பா பேரு ஆறுமுகம். பள்ளிக்கூட மார்க் ஷீட், நர்சிங் கவுன்சில் பதிவு, ஆதார் எல்லாத்துலயும் ‘ஏ மலர்விழி’. பாஸ்போர்ட்ல இனிஷியலை விரிச்சுத்தான் எழுதணும்னு அப்பா பேரை குடும்பப்பேர் கட்டத்துல போட்டிருக்கு. பான் கார்டுலயும் அப்படித்தான். "இந்த ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு எதை வச்சு நாங்க எடுத்துக்கறது?"ன்னு அந்த மேடம் கேட்டாங்க. கோவமாக் கூட கேக்கல. எனக்குத்தான் தொண்டை அடைச்சிடுச்சு. அப்பா போய் நாலு வருஷம் ஆகுது. அவர் பேரு எனக்கு முன்னாடி ஒத்த எழுத்தா நின்னா ஒரு ஆளு, பின்னாடி முழுசா நின்னா வேற ஆளு.

சேர வேண்டிய தேதிக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கு. எதை முதல்ல சரி பண்ணணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

அல்சூர் ஏரிக்கரை
செவ்வாய், காலை 6:20

தங்கச்சி, பதறாதே. எங்க தாத்தா காலத்துல இருந்து நாங்க இந்த ஊர்தான். தமிழ்ச் சங்கத்துக்குப் பின்னாடி தெருவுல வீடு. என் பொண்ணுக்கு, மருமகனுக்கு, தம்பி பசங்களுக்குன்னு இந்த பேப்பர் வேலைக்கு நானேதான் அலைஞ்சிருக்கேன்.

என் யோசனை இது. இப்ப நாட்டுல எந்த ஊர்ல இருந்தும் எந்த பாஸ்போர்ட் ஆபீஸுக்கும் விண்ணப்பிக்கலாம், 2018-ல இருந்தே அப்படித்தான். பாஸ்போர்ட்ல இருக்கிற ஊர் முகவரியையே இப்போதைய முகவரியாப் போட்டு விண்ணப்பம் குடு. முகவரி மாறலைன்னா சிலருக்கு அன்னைக்கே பிசிசி கையில வந்துடுது. அப்படியே விசாரணைக்கு வந்தாலும் ஊர் ஸ்டேஷன்ல உன் குடும்பத்தைத் தெரியாதவங்க யாரு இருக்கப் போறாங்க? அம்மா வீட்டுல இருப்பாங்க, பேசிடுவாங்க. நீ ரெண்டு நாள் லீவு போட்டுப் போயிட்டு வந்துடு.

---

ஹொசூர் ரோடு
செவ்வாய், காலை 9:05

> ஊர் முகவரியையே இப்போதைய முகவரியாப் போட்டு விண்ணப்பம் குடு

ஐயா, மன்னிக்கவும், இதில் எனக்கு உடன்பாடில்லை. பதினோரு வருடமாக மனிதவளத் துறையில் இருக்கிறேன். இந்த யோசனையால் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பத்தில் கேட்பது தற்போது குடியிருக்கும் முகவரி. அதில் ஊரை எழுதிவிட்டு ஈஜிபுராவில் இருந்தால், கொடுத்த தகவல் தவறாகிவிடுகிறது. ஊர்க் காவலர் வீட்டுக்குப் போய்க் கேட்பார். அம்மா கள்ளமில்லாமல் "பொண்ணு பெங்களூர்ல வேலை பாக்குது" என்பார். அவர் "கொடுத்த முகவரியில் இல்லை" என்று எழுதி அனுப்புவார். எழுத வேண்டியது அவருடைய கடமை. அதன் பிறகு விளக்கக் கடிதம், மறு விசாரணை என்று ஒன்பது வாரமும் போய்விடும். இங்கிலாந்துக்காரர்கள் கேட்பது இந்தியா என்ற நாட்டுக்கான சான்று. தென்காசியா பெங்களூரா என்று அவர்கள் பார்க்கப் போவதில்லை. ஆகவே உண்மையான முகவரியைக் கொடுப்பதால் மலருக்கு எந்த நஷ்டமும் கிடையாது.

இன்னொன்று. இங்கே நிறையப் பேர் இரண்டு சான்றுகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வெளிநாட்டு வேலை, நீண்ட கால விசா, குடியேற்றம் இவற்றுக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் தருவதுதான் பிசிசி. அதில் பாஸ்போர்ட் எண்ணும் எந்த நாட்டுக்காக என்பதும் இருக்கும். சுற்றுலா விசாவுக்கு அதைத் தரவே மாட்டார்கள். உள்ளூர் கம்பெனியில் சேர, அபார்ட்மென்ட்டில் வேலைக்குச் சேர, காவலாளி வேலைக்கு எல்லாம் கேட்பது மாநிலக் காவல்துறையின் சரிபார்ப்புச் சான்று. கர்நாடகத்தில் அதற்கு மாநில அரசின் சேவா சிந்து இணையதளம். போன மாதம்கூட ஒரு பையன் சேவா சிந்துவில் வாங்கிய தாளைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தான். முதலில் எது வேண்டும் என்று கேட்பவரிடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

---

அல்சூர் ஏரிக்கரை
செவ்வாய், காலை 9:40

ஹொசூர் ரோடு தம்பி சொல்றது நியாயம். என் பொண்ணு அப்ப நிஜமாவே அந்த முகவரியிலதான் இருந்தா, அதான் எங்களுக்கு ஒண்ணும் ஆகல. மலர், நான் சொன்னதை விட்டுடு.

---

மாட்டுங்கா வாசி
செவ்வாய், மதியம் 1:15

மும்பையில இருந்து எழுதுறேன். வாடகை அக்ரிமென்ட்டை ரிஜிஸ்டர் பண்ணி எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? எங்களுக்கு அது ஒரு பிரச்சினையாவே இருந்ததில்ல.

---

ஹொசூர் ரோடு
செவ்வாய், மதியம் 1:50

மும்பையில் அது இயல்பாக நடப்பதற்குக் காரணம் சட்டம். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999, வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது, பொறுப்பையும் வீட்டுக்காரர் மேல் வைக்கிறது. இங்கே நிலைமை வேறு. 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதனால்தான் பெங்களூரு முழுக்க 11 மாதம், 11 மாதம் என்று போட்டுக்கொண்டே போகிறார்கள். எட்டு வருடமாக ஒரே வீட்டில் குடியிருப்பவருக்கும் கையில் பதிவில்லாத தாள்தான் இருக்கும். 11 மாத ஒப்பந்தத்தையும் விரும்பினால் பதிவு செய்யலாம், தடையில்லை. ஆனால் வீட்டுக்காரர் சார்பதிவாளர் அலுவலகம் வரை வர வேண்டும். எத்தனை பேர் வருகிறார்கள்?

---

ஈஜிபுரா மலர்
செவ்வாய், இரவு 8:30

ஓனர் அங்கிள்கிட்ட கேட்டேன். நல்ல மனுஷன்தான், ஆனா ரிஜிஸ்டர்னு சொன்னதும் முகம் மாறிடுச்சு. "அதெல்லா பேடம்மா" (அதெல்லாம் வேண்டாம்மா)ன்னுட்டார். நான் வேலை பாக்குற இடத்துல முகவரி போட்டு லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் கேட்டேன். வேலைய விட்டுப் போறவளுக்கு எதுக்குன்னு குடுக்கல.

ஆதார்ல முகவரிய மாத்தலாம்னு பாத்தா அதுக்கும் ஒரு முகவரி ஆதாரம் கேக்குது. எங்க தொட்டாலும் அங்கதான் போய் நிக்குது.

---

பாஸ்புக் பார்த்திபன்
செவ்வாய், இரவு 10:10

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் வேலை செய்கிறேன். இந்த வட்டத்தை உடைக்க ஒரு இடம் இருக்கிறது, அது உங்கள் வங்கிக் கிளைதான்.

ரிசர்வ் வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளர் விவரச் சரிபார்ப்பு) வழிகாட்டுதலில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆதாரை வைத்துக் கணக்கு சரிபார்க்கப்பட்டிருந்து, வாடிக்கையாளர் இப்போது வேறு முகவரியில் இருந்தால், அந்த முகவரியைத் தானே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். கிளை அதை ஏற்றுப் பதிவு செய்யும். அந்த முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பியோ வேறு வகையிலோ உறுதி செய்துகொள்ளும். வேலைக்காக ஊர் மாறுகிற கோடிக்கணக்கானவர்களுக்காகத்தான் இது. கவுண்டரில் இருப்பவருக்கே சில சமயம் நினைவிருக்காது, ஆகவே கிளை மேலாளரிடம் பொறுமையாகக் கேளுங்கள்.

முகவரி மாறியதும் புதிய பாஸ்புக் கேட்டு வாங்குங்கள். உங்கள் போட்டோ ஒட்டி, கிளை முத்திரை போட்டோமேல் பாதியும் தாள்மேல் பாதியுமாக விழ வேண்டும். கடைசி வரை பதிவு போட்டு வாங்குங்கள், ஏனென்றால் நடப்பில் உள்ள கணக்கு என்று தெரிய வேண்டும். போட்டோவுடன் கூடிய அந்தப் பாஸ்புக் பாஸ்போர்ட் அலுவலகத்தின் முகவரி ஆதாரப் பட்டியலில் இருக்கிறது. பொதுத்துறை வங்கி, இந்தியத் தனியார் வங்கி, கிராம வங்கி எதுவானாலும் சரி. கணினியில் எடுத்த கணக்கு அறிக்கையைக் கொண்டு போகாதீர்கள், அது பாஸ்புக் ஆகாது.

பெற்றோரோ கணவனோ மனைவியோ கூடவே குடியிருந்து, அவர்கள் ஆதாரில் இந்த முகவரி இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 2023 ஜனவரியில் ஆதார் ஆணையம் குடும்பத் தலைவர் சம்மதத்தின் பேரில் முகவரி மாற்றும் வசதியைக் கொண்டுவந்தது. அவர் 30 நாளுக்குள் ஆன்லைனில் ஒப்புக்கொண்டால் போதும். மலர் குடும்பத்தோடு இல்லாததால் அவருக்கு உதவாது, வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

---

ஈஜிபுரா மலர்
செவ்வாய், இரவு 10:25

பார்த்திபன் சார், இதை ஒருத்தரும் சொல்லல சார். என் சம்பளக் கணக்கு ஆன்லைன் மட்டும்தான், ஆனா காலேஜ் படிக்கும்போது ஆரம்பிச்ச கணக்கு ஒண்ணு இருக்கு, பாஸ்புக்கோட. கோரமங்களாவுல அந்த பேங்க்கோட கிளை இருக்கு. நாளைக்கே போறேன்.

பேரு விஷயத்துக்கு? நோட்டரிகிட்ட "ரெண்டும் ஒரே ஆள்"னு அஃபிடவிட் எடுத்துட்டா போதுமா?

---

மாட்டுங்கா வாசி
புதன், காலை 7:45

அஃபிடவிட்டை மட்டும் நம்பிப் போகாதீங்க. நீங்களே உங்களைப் பத்தி சத்தியம் பண்ணிக் குடுக்கிற காகிதம் அது. சின்ன இடங்கள்ல செல்லும். பாஸ்போர்ட் வேலையில துணைக்கு வச்சுக்கலாம், அதுவே ஆதாரமா நிக்காது.

இந்தப் பேர் விஷயத்துல எனக்கு முப்பது வருஷ அனுபவம் இருக்குங்க. இங்க எல்லா ஃபாரத்துலயும் மூணு கட்டம்: பேர், அப்பா பேர், குடும்பப்பேர். நமக்குக் குடும்பப்பேரே கிடையாது. பள்ளிக்கூடத்துல என் பையனுக்கு என் பேரையே ரெண்டு தடவை எழுதிட்டாங்க. ஒரு பத்திரத்துல எங்க ஊர் பேரு குடும்பப்பேர் ஆயிடுச்சு. இனிஷியல்ங்கறது அப்பா பேரோட முதல் எழுத்துன்னு நம்மூர்ல மூணாங்கிளாஸ் பிள்ளைக்கும் தெரியும். வெளிய வந்தா அதை எடுத்துச் சொல்ற பொறுப்பு நம்மகிட்டதான் இருக்கு.

நான் கண்டுபிடிச்ச வழி: இனிஷியல் மட்டும் இருக்கிற காகிதத்தோட, அப்பா பேரைத் தனியா அச்சடிச்ச காகிதத்தையும் சேர்த்தே நீட்டணும். பான் கார்டுல உங்க பேருக்குக் கீழ அப்பா பேரு தனி வரியில இருக்கும். பிறப்புச் சான்றுலயும் இருக்கும். பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்துலயும் இருக்கும். ஆதார் முகவரியில அப்பா பேரோட ஆரம்பிச்சிருந்தா இன்னும் நல்லது. ‘ஏ’ங்கற எழுத்துக்கு ‘ஆறுமுகம்’னு அர்த்தம் இருக்குன்னு அந்தக் காகிதங்களே சொல்லிடும்.

---

ஹொசூர் ரோடு
புதன், காலை 9:30

இதோடு இரண்டு சேர்க்கிறேன்.

விண்ணப்பப் படிவத்தில், வேறு பெயரால் அறியப்படுகிறீர்களா என்று ஒரு கேள்வி. எப்போதாவது பெயரை மாற்றினீர்களா என்று இன்னொரு கேள்வி. நம் ஆட்கள் இரண்டுக்கும் ‘இல்லை’ போட்டுவிட்டு ஓடுகிறார்கள். மலர் பெயரை மாற்றவில்லை, ஆகவே இரண்டாவதற்கு ‘இல்லை’ சரி. முதலாவதற்கு ‘ஆம்’ போட்டு ‘ஏ மலர்விழி’ என்று எழுதிவிடுவதே என் பார்வையில் சரியான வழி. அப்படிச் செய்தால் அதிகாரி அதை நீங்கள் மறைத்ததாக எடுத்துக்கொள்ள இடமில்லை.

அடுத்து, எந்த ஆவணத்தை எதற்கு ஏற்றபடி திருத்துவது என்பது. பாஸ்போர்ட்டில் கை வைக்காதீர்கள். பிசிசி, விசா, விமான டிக்கெட் எல்லாம் பாஸ்போர்ட் பெயரில்தான் வரும். அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டையே ஆதாரமாகக் காட்டி ஆதாரில் பெயரை விரித்து எழுதுங்கள். வாழ்நாளில் இரண்டு முறைதான் ஆதாரில் பெயர் திருத்தலாம், ஆகவே எழுத்துக்கு எழுத்து பார்த்துக் கொடுங்கள். நர்சிங் கவுன்சில் பதிவை இப்போது தொட வேண்டாம். அதற்குப் பல மாதம் ஆகும்.

ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், குடும்பப்பேர் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு வருபவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தபோது எத்தனை தமிழ்க் குடும்பங்கள் தவித்தன என்று எனக்குத் தெரியும்.

---

சிங்கை ரிட்டர்ன்
புதன், இரவு 9:10

நான் சிங்கப்பூர்ல எட்டு வருஷம் கட்டட வேலை பாத்துட்டு வந்தவன். இப்ப ஒயிட்ஃபீல்டுல சைட் சூப்பர்வைசர். கனடாவுக்கு போட்டிருக்கேன். அவங்க கணக்கு வேற. 18 வயசுக்கு அப்புறம் கடந்த 10 வருஷத்துல தொடர்ந்து 6 மாசம் இருந்த ஒவ்வொரு நாட்டுல இருந்தும் சான்று வேணும். அதனால இந்தியா ஒண்ணு, சிங்கப்பூர் ஒண்ணு.

இந்திய பிசிசிக்கு உங்க எல்லாருக்கும் பேரும் முகவரியும்தான் தொல்லை. ஏன்னா நம்ம போலீஸ் பதிவுல தேடுறது பேரு, அப்பா பேரு, முகவரி வச்சு. சிங்கப்பூர் சான்றுக்குப் பத்து விரல் ரேகை கேட்டாங்க. அமெரிக்காவுல எஃப்பிஐ-யும் அப்படித்தான், என் மச்சான் ரேகை அட்டையோட 18 டாலர் கட்டி அனுப்புனான். அங்க பேருல இனிஷியல் எங்க நிக்குதுன்னு பெரிசாப் பாக்க மாட்டாங்க, விரல்தான் அடையாளம்.

ஆனா என் விரல்ல ரேகையே இல்லைங்க. எட்டு வருஷம் சிமென்ட்டும் கம்பியும் தின்னுடுச்சு. முதல் தடவை எடுத்து அனுப்புனது தெளிவா இல்லைன்னு திரும்பி வந்துடுச்சு. ரெண்டாவது தடவைக்கு முன்னாடி பத்து நாள் வேலையில கையுறை போட்டேன், ராத்திரி தேங்கா எண்ணெய் தடவுனேன், எடுக்கிற அன்னிக்குக் கையை நல்லாக் கழுவி ஈரமில்லாம தொடச்சுட்டுப் போனேன். மை கம்மியா தடவி மெதுவா உருட்டி எடுக்கச் சொன்னேன். ரெண்டு செட் எடுத்தோம். அது பாஸ் ஆயிடுச்சு. கையால உழைக்கிறவங்க இதை ரெண்டு மாசம் முன்னாடியே ஆரம்பிக்கணும். நாடு விட்டு வர்றதுக்கு முன்னாடியே அங்கயே வாங்கிட்டு வந்தா இன்னும் நல்லது, நான் அதைச் செய்யாம விட்டேன்.

---

மெல்போர்ன் போய் வந்தவள்
புதன், இரவு 10:45

ஆஸ்திரேலியக் கூட்டாட்சிப் போலீஸ் சான்றுக்கு விண்ணப்பிக்கிறவங்களுக்கு ஒரு வரி: அங்க புள்ளிக் கணக்கு. மொத்தம் 100 புள்ளி சேரணும். பாஸ்போர்ட்டுக்கு 70, ஓட்டுநர் உரிமத்துக்கு 40, இப்படி. பாஸ்போர்ட் ஒண்ணை மட்டும் வச்சு முடிக்க முடியாது. படிச்சு முடிச்சுத் திரும்பும்போது அந்த நாட்டு உரிமத்தையும் பேங்க் கார்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க.

---

மர்பி டவுன் மேரி
வியாழன், காலை 5:50

வெளிநாட்டு விஷயமா எழுதிட்டிருக்கீங்க, நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்குங்க. எங்க அம்மாவுக்காகக் கேக்குறேன்.

அம்மா சமையல் வேலை. தருமபுரி பக்கத்துல இருந்து பன்னண்டு வயசுல இங்க வந்தவங்க. ஒரே அபார்ட்மென்ட்ல இருபத்திரெண்டு வருஷமா நாலு வீட்டுல சமைக்கிறாங்க. இப்ப புதுசா வந்த சங்கம், வீட்டு வேலை செய்றவங்க எல்லாரும் போலீஸ் சரிபார்ப்புச் சான்று குடுத்தாத்தான் கேட்ல விடுவோம்னு சொல்லியிருக்கு. இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம்.

அம்மாவோட வாக்காளர் அட்டையில ‘முனியம்மா’, ஆதார்ல ‘முனியம்மாள்’. கன்னடத்துல எழுதினவங்க ஒரு மாதிரி, தமிழ்ல கேட்டு எழுதினவங்க ஒரு மாதிரி. பிறந்த தேதி தெரியாததால ஆதார்ல ஜனவரி 1-னு போட்டிருக்கு. ஆதாரோட சேர்ந்த செல் நம்பர் அப்பா வச்சிருந்தது, அது கட் ஆகி வருஷக்கணக்காச்சு. ரேஷன் கடையில விரல் வச்சா பாதி நாள் எடுக்காது. சேவா சிந்துவுல போனா ஓடிபி கேக்குது. அம்மா ராத்திரி தூங்கலை. "இருபத்திரெண்டு வருஷமா என் கையால சாப்பிட்டவங்களுக்கு நான் யாருன்னு தெரியாதா"ன்னு கேக்குறாங்க. எனக்கு பதில் தெரியல.

---

பாஸ்புக் பார்த்திபன்
வியாழன், காலை 8:15

மேரி, மன்னிப்பெல்லாம் எதற்கு? இதுவும் இந்த இழைதான்.

வரிசையில் முதலாவது செல் நம்பர். அதைச் சரி செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள். அம்மாவை நேரில் ஆதார் மையத்துக்கு அழைத்துப் போங்கள். நம்பர் மாற்ற எந்த ஆவணமும் தேவையில்லை, ஆளும் ஆதார் எண்ணும் போதும். விரல் எடுக்காவிட்டால் கண் கருவிழியை வைத்துப் பாருங்கள் என்று கேளுங்கள். கேட்காவிட்டால் சிலர் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதே நாளில் கைரேகையையும் புதுப்பித்துவிடச் சொல்லுங்கள். நம்பர் ஏறிய பிறகு ஓடிபி வரும், சேவா சிந்து விண்ணப்பம் நகரும்.

பெயருக்கு ‘முனியம்மாள்’ என்பதையே எல்லா இடத்திலும் வையுங்கள், ஏனெனில் ஆதாரில் அதுதான் இருக்கிறது. விண்ணப்பத்தில் அடையாளம், முகவரி இரண்டுக்கும் ஆதாரையே கொடுங்கள். வாக்காளர் அட்டையைக் கூடவே வைத்து நீங்களாகக் குழப்பத்தைக் கொண்டுவர வேண்டாம். கேட்டால் மட்டும் காட்டுங்கள், இரண்டும் இவரே என்று சொல்லுங்கள். ஜனவரி 1 பற்றிப் பயப்படாதீர்கள். தேதி தெரியாமல் வருடம் மட்டும் சொன்ன எத்தனையோ பேருக்கு அப்படித்தான் இருக்கிறது.

---

ஹொசூர் ரோடு
வியாழன், காலை 9:20

மேரி, சங்கத்துக்குச் சான்றை மட்டும் கொடுங்கள். ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு எண்களை மறைத்த ஆதார் என்று ஒன்று ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கிறது, அதை எடுத்துக் கொடுங்கள். நகலின் குறுக்கே எதற்காக, என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கேட் அருகே ஒரு நோட்டுக்குள் நூறு பேருடைய ஆதார் நகல் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அது எனக்குப் பொறுக்கவில்லை. விண்ணப்பம் போட்ட ரசீது எண்ணைக் காட்டி இன்னும் இரண்டு வாரம் அவகாசம் எழுத்தில் கேளுங்கள். கடிதம் நான் எழுதித் தருகிறேன், தனிச் செய்தி அனுப்புங்கள்.

எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. தேடும்போது மேலே வருகிற தளமெல்லாம் அரசுத் தளம் இல்லை. பாஸ்போர்ட் தளத்தைப் போலவே செய்து கூடுதல் பணம் பிடுங்கும் போலிகள் பற்றி வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே எண்களைக் கொடுங்கள்.

---

ஈஜிபுரா மலர்
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:10

எல்லாருக்கும் ஒரு அப்டேட் கடமைப்பட்டிருக்கேன்.

பேங்க்ல முதல் நாள் முடியாதுன்னுதான் சொன்னாங்க. மேனேஜர்கிட்ட பார்த்திபன் சார் எழுதினதை அப்படியே சொன்னேன். அவர் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு ஒத்துக்கிட்டார். அஞ்சாவது நாள் ஈஜிபுரா முகவரிக்கு பேங்க் கடிதம் வந்துச்சு. என் பேருல இந்த ஊர்ல வந்த முதல் கடிதம் அது, ஆறு வருஷத்துல. அப்புறம் போட்டோ, முத்திரையோட புது பாஸ்புக்.

ஆதார்ல பேரை விரிச்சாச்சு. அது ஏறுறதுக்குள்ள ரெண்டாவது அப்பாயின்ட்மென்ட் வந்துடுச்சு. அதனால பழைய ஆதார், பான், பாஸ்போர்ட் கடைசிப் பக்கம் மூணையும் ஒண்ணு மேல ஒண்ணா வரிசையா வச்சுக் குடுத்தேன். வேற பேருங்கற கேள்விக்கு ‘ஆம்’ போட்டிருந்தேன். பி கவுண்டர்ல இந்தத் தடவை வேற ஒருத்தர். பான்ல அப்பா பேரை விரலால தொட்டுப் பாத்தார், தலையாட்டினார், சி கவுண்டருக்குப் போகச் சொன்னார். மாட்டுங்கா அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே காகிதமே பேசிடுச்சு.

முகவரி மாறினதால போலீஸ் விசாரணைக்குப் போச்சு. இங்க ஒரு தப்பு பண்ணிட்டேன். நைட் டூட்டி முடிச்சுத் தூங்கும்போது தெரியாத நம்பர்ல இருந்து ரெண்டு போன், எடுக்கல. அது ஸ்டேஷன்ல இருந்து வந்தது. ஓனர் ஆன்ட்டிதான் மாடிக்கு ஓடி வந்து எழுப்புனாங்க, கீழ கான்ஸ்டபிள் நின்னுக்கிட்டிருந்தார். விண்ணப்பம் போட்டா ரெண்டு மூணு வாரத்துக்கு எந்த நம்பர்ல இருந்து வந்தாலும் எடுங்க.

"பாடிகே மனேனா? எஷ்டு வர்ஷ ஆய்த்து?" (வாடகை வீடா? எத்தனை வருஷம் ஆச்சு?)ன்னு கேட்டார். எனக்குத் தெரிஞ்ச கன்னடத்துல பதில் சொன்னேன். பக்கத்து வீட்டுல ரெண்டு பேர் பேரு, கையெழுத்து வாங்கிக்கிட்டார். ரிஜிஸ்டர் பண்ண மாட்டேன்னு சொன்ன ஓனர் அங்கிள், "நம்ம மகள் தரா" (எங்க பொண்ணு மாதிரி)ன்னு அவர்கிட்ட சொன்னார். அக்ரிமென்ட் நகல்ல அவரே கையெழுத்தும் போட்டுக் குடுத்தார். எதுவும் செலவு ஆகல. ஒன்பது நாள் கழிச்சு மெசேஜ் வந்துச்சு. பிசிசி கையில இருக்கு. ‘மலர்விழி ஆறுமுகம்’னு அச்சடிச்சிருக்கு. அதை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்.

மேரி அக்கா, அம்மா விஷயம் என்னாச்சு?

---

மர்பி டவுன் மேரி
ஞாயிறு, இரவு 7:35

ரொம்ப சந்தோஷம் மலர். ஹொசூர் ரோடு சார் கடிதத்தால சங்கம் மாசக் கடைசிய தாண்டி டைம் குடுத்திருக்கு. ஆனா ஆதார் மையத்துல விரல் எடுக்கலைன்னு அம்மாவைத் திருப்பி அனுப்பிட்டாங்க. நான் அன்னிக்கு வேலைக்குப் போயிட்டேன், அம்மா தனியாப் போனாங்க. கண்ணை வச்சுப் பாருங்கன்னு கேக்க அவங்களுக்குத் தைரியம் வரல. எனக்கு வார நாள்ல லீவு கிடைக்காது.

---

ஈஜிபுரா மலர்
ஞாயிறு, இரவு 7:50

புதன்கிழமை எனக்கு ஆஃப். அம்மாவோட நான் போறேன். ஒன்பதரைக்கு உங்க தெரு முனையில வந்து நிக்கிறேன். ஆதார் அட்டையும் புது செல்போனும் மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நம்பர் தனிச் செய்தியில அனுப்பியிருக்கேன்.